கையில் 9 லட்சம், கடல் 700 மீட்டரில்: மே மாத வேலையில் எதற்கு முதல் பணம்?

கேள்வி – பள்ளி நிர்வாகி, மண்டபம் பக்கம்

வணக்கம். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே உள்ள பள்ளி. தென்கடல் 700 மீட்டர் தூரம். 1996இல் கட்டிய இரண்டு தளக் கட்டடம். கீழே 9, மேலே 9 என்று 18 வகுப்பறைகள், அறை 20க்கு 24 அடி, முன்னால் 8 அடி வராந்தா. மொட்டைமாடி ஏறக்குறைய 6,000 சதுர அடி, தட்டோடு பதித்தது. தகரத்தைச் சட்டத்தோடு பிடிக்கும் ஜே வடிவ ஊக்கு போட்ட சாப்பாட்டுக் கொட்டகை ஒன்று, கழிப்பறை 22, தரைத்தொட்டி 15,000 லிட்டர், மேலே 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி 4, மணிக்கு 500 லிட்டர் குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்ஓ கருவி.

கோடை வேலைக்கு ஒதுக்கியது 9 லட்சம். பேருந்துச் செலவு இதில் சேராது, அது தனிக் கணக்கு. ஏப்ரல் கடைசியில் இருந்து ஜூன் முதல் வாரம் வரை 5 வாரம் கிடைக்கும். பெயிண்டர் உள்ளும் புறமும் முழுக்க அடிக்க மொத்தமாக 5 லட்சத்து 40 ஆயிரம் கேட்கிறார். மேல்தளத்தில் மூன்று அறைகளில் சீலிங் பெயர்ந்து கம்பி தெரிகிறது, தெற்குப் பக்க சன்ஷேடு இரண்டு வெடித்திருக்கிறது. பெயிண்ட் போக மிஞ்சும் 3 லட்சத்து 60 ஆயிரத்தில் மற்றதை எல்லாம் முடிக்க முடியுமா? சேர்க்கை நேரத்தில் பள்ளி பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது குழுவின் விருப்பம்.

பதில் 1 – கட்டடப் பொறியாளர், இராமநாதபுரம்

பெயிண்ட் கொட்டேஷனை எடுத்து ஓரமாக வையுங்கள். கம்பி தெரியும் சீலிங்குக்குக் கீழே பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு வெளிச்சுவருக்கு வர்ணம் பூசுவது வரிசை தப்பிய வேலை. என் கணக்கில் பங்கீடு இப்படி வரும்: கான்கிரீட்டும் மாடியும் 3,20,000, ஜன்னல் கம்பி, கொட்டகை 1,30,000, மின்சாரம் 1,10,000, தண்ணீர், ஆர்ஓ, கழிப்பறை 90,000, உள் பெயிண்ட் 1,20,000. மீதி 1,30,000 கையிருப்பு. அதைத் தொடவே கூடாது என்றில்லை, கான்கிரீட் வேலை முடியும்வரை தொடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் கட்டடம் கட்டிய காலத்தில் தளத்துக்குக் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், 15 மில்லிமீட்டர் வைப்பது வழக்கம். 2000இல் திருத்திய, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறி ஐஎஸ் 456 கடலோரக் கட்டடத்துக்கு 45 மில்லிமீட்டர் கேட்கிறது. அந்த இடைவெளிதான் உங்கள் பிரச்சினை முழுவதும். காற்றில் வரும் உப்பு மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கிறது. துரு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும், அதனால்தான் கான்கிரீட் கீழே தள்ளப்பட்டு வெடிக்கிறது. மேலே இருந்து மழைத்தண்ணீர் ஒழுகித்தான் பெயர்ந்தது என்று கொத்தனார் சொல்வார். பாதிதான் சரி. தண்ணீர் வேகப்படுத்தும், வேர் உப்பு.

பள்ளி மூடுவதற்கு முன்பே, ஒரு சனிக்கிழமை, 18 அறைச் சீலிங்கையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், உள்ளே விட்டுப்போன இடம் பொத்தென்று கேட்கும். பொத்தென்ற இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுச் சதுர அடியில் எழுதுங்கள். உளி வைத்தபின் அந்த அளவு ஒன்றரை மடங்கு ஆகும் என்று வைத்தே கணக்கிடுங்கள். கையிருப்பு அதற்குத்தான்.

வேலை முறை: முதலில் கீழே முட்டுக் கொடுத்துப் பாரத்தைத் தாங்க வேண்டும். கம்பி தெரிந்த அளவோடு நிறுத்தாமல், துரு இல்லாத கம்பி வரும்வரை நீளவாக்கில் உடைக்க வேண்டும். கம்பிக்குப் பின்னாலும் 20 முதல் 25 மில்லிமீட்டர் குடைந்து, கலவை கம்பியைச் சுற்றிப் பிடிக்க வழி விட வேண்டும். பின்பக்கம் குடையாமல் முன்னால் மட்டும் பூசுவதுதான் இந்தக் கரையில் அடிக்கடி நடக்கும் தப்பு. ஒன்றிரண்டு மழைக்காலத்தில் பலகை மாதிரி அப்படியே விழும். கம்பியை வயர் பிரஷால் பளபளவென்று தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவிக் காயவைத்து, அன்றைக்கே துத்தநாக எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். ஒரு இரவு விட்டால் காலையில் மறுபடி செம்மை பூத்திருக்கும்.

கம்பி கால்வாசிக்கு மேல் கரைந்திருந்தால் கொத்தனார் முடிவெடுக்கிற இடம் அல்ல அது. கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துப் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். அவர் கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப்-செல் சோதனை செய்தால், செம்பு-செம்பு சல்பேட் மின்வாயில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போகும் இடங்களில் துரு ஓடிக்கொண்டிருக்கப் பத்தில் ஒன்பது பங்கு வாய்ப்பு உண்டு என்று அர்த்தம், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும். பினால்ஃப்தலீன் என்ற சோதனைத் திரவத்தைத் தடவி ‘பிங்க் வந்துவிட்டது, கான்கிரீட் நன்றாக இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். அது காற்றின் கரியமில வாயு உள்ளே போனதா என்று மட்டும் காட்டும், உப்பைக் காட்டாது.

120 சதுர அடிக்கு 1 அங்குல கனம் என்றால் 1:3 கலவைக்கு 3 மூட்டை சிமெண்ட், 10 கன அடி எம்-சாண்ட், கலவை ஒட்டிப் பிடிக்கச் சேர்க்கும் எஸ்பிஆர் லேடெக்ஸ் திரவம் 15 முதல் 20 லிட்டர். லேடெக்ஸிலேயே தண்ணீர் இருப்பதால் கலக்கும் தண்ணீரைக் குறைக்க வேண்டும். தலைக்கு மேலே பூசும்போது ஒரு படைக்கு 12 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், தொங்கி விழும். இரண்டு நாள் ஈரச்சாக்கு, பிறகு காற்றில் காயவிடுங்கள். வழக்கமான ஏழு நாள் நீராட்டு இதற்குத் தேவையில்லை.

முக்கியமானது தண்ணீர். ஐஎஸ் 456 கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலவை நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. உங்கள் ஊர் போர் தண்ணீர் நாக்கில் உப்பாகத் தெரிந்தால் கலவைக்கும் வேண்டாம், நனைக்கவும் வேண்டாம். லாரித் தண்ணீருக்கு என்று எஸ்டிமேட்டில் தனி வரி போடுங்கள். போடாவிட்டால் கொத்தனார் பக்கத்து போரில் இருந்துதான் இழுப்பார். கடற்கரை மணலுக்கும் இதே கதிதான்.

ஒன்று விட்டுவிட்டேன். ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றிலும் பழைய உப்புக் கான்கிரீட் அப்படியே இருக்கும். புது ஒட்டின் ஓரத்தில் துரு முன்னைவிட வேகமாக ஓடும். ஒட்டின் ஓரத்தில், கம்பிக்குப் பதிலாகத் தானே கரையும் துத்தநாக ஆனோடு வில்லைகளைக் கம்பியில் கட்டிப் பூசினால் அது தள்ளிப்போகும். மூன்று அறைக்கு மட்டும் என்றால் கட்டுப்படியாகும்.

சன்ஷேடு வேறு கதை. அது சுவரில் இருந்து நீட்டிய பலகை, முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கும். அடியில் பூசுவது கண்ணுக்குத்தான். வெடித்த இரண்டையும் உடைத்தெடுத்துவிடுங்கள், பிறகு சாவகாசமாகப் புதிது போடலாம். மற்ற சன்ஷேடுகளின் மேல்பக்கத்தை ஏணி வைத்துப் பாருங்கள். காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பும் மண்ணும் சேர்ந்து தண்ணீர் தேங்கி இருக்கும்.

மாடி முழுக்க ரசாயனம் பூசச் சொல்வார்கள். 6,000 சதுர அடிக்கு இந்த ஆண்டு பணம் கிடையாது. தட்டோட்டு இணைப்புகளைச் சுரண்டிப் பாலிமர் கலவையால் நிரப்புவது, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் சரிவுக் கட்டுப் போடுவது, மழைநீர்க் குழாய் வாயைச் சுற்றி உடைத்துத் திருத்துவது, இந்த மூன்றும் போதும். சோதிக்கத் தண்ணீர் கட்டினால் 1,000 சதுர அடிக்கு 1 அங்குலம் என்பதே 2,360 லிட்டர். மே மாதத்தில் அது பெரிய விஷயம். சந்தேகப்படும் பகுதியை மட்டும் செங்கல் வரம்பு கட்டி நிரப்புங்கள்.

ஒப்பந்தம் சதுர அடிக்கும் ரன்னிங் அடிக்கும் இவ்வளவு என்று இருக்கட்டும், மொத்தத் தொகையாக வேண்டாம். 10 சதவீதத்தை நவம்பர் முடியும்வரை நிறுத்தி வையுங்கள். நம் மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஜூனில் முழுப்பணம் கொடுத்துவிட்டு ஒழுகலுக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்? பழைய எஸ்டிமேட்டை வைத்திருந்தால் வரியைத் திருத்துங்கள், 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28இல் இருந்து 18 ஆகிவிட்டது.

பதில் 2 – வயர்மேன், தொண்டி

இன்ஜினியர் சார் சொன்னதில் ஒன்று சேர்க்கணும். சீலிங் துருப் பிடிச்சா ஃபேன் கொக்கியும் துருப் பிடிச்சிருக்கும். ஒரே தளத்துக்குள்ளதான் அதுவும் இருக்கு. அறைக்கு 4 என்றால் 72 ஃபேன். எல்லாத்தையும் இறக்கணும், துடைக்கிறதுக்கு இல்லை, கொக்கியைப் பார்க்கிறதுக்கு. கொக்கி தேய்ந்து மெலிஞ்சிருக்கா, ஃபேனைக் கொக்கியில் மாட்டுற ஷாக்கிளோட போல்ட்டில் அது கழலாம இருக்கப் போடுற ஸ்ப்ளிட் பின் இருக்கா, ரப்பர் உருளை வெடிச்சிருக்கா என்று பாருங்க. சந்தேகமான கொக்கியில் 25 கிலோ மணல் மூட்டையைக் கட்டி பத்து நிமிஷம் தொங்கவிடுங்க, கீழே யாரும் நிக்கக் கூடாது. தேறாத கொக்கிக்கு வெல்டிங் வைக்காதீங்க. தளத்தில் புதுசா ஓட்டை போட்டு ஆங்கர் கிளாம்ப் அடிங்க, அதுவும் நல்ல கான்கிரீட் இருக்கிற இடத்தில். மெதுவா சுத்துற ஃபேனுக்குப் பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர்தான் கோளாறு, இருபது வாங்கி வையுங்க.

எர்த் குழியோட ஓம் அளவை மே மாசத்திலேயே எடுங்க. மணல் பூமி காய்ந்து கிடக்கும்போது வரும் ஓம்தான் உண்மையான ஓம். சிலர் டெஸ்டுக்கு ஆள் வரும் அன்னைக்குக் குழியில் இரண்டு வாளி தண்ணி ஊத்துவாங்க, தன்னையே ஏமாத்துற வேலை அது. 5 ஓமுக்குள் வரலைன்னா இன்னொரு குழி போட்டு இரண்டையும் இணைக்கணும். பைப் எர்த் என்றால் 2.5 மீட்டர் நீளம், குறைஞ்சது 40 மில்லிமீட்டர் குழாய். உப்பும் கரியும் கொட்டின பழைய குழியில் ஜிஐ குழாயே அரிச்சுப்போய் இருக்கும், தோண்டிப் பார்க்காமல் நம்பாதீங்க. காசு இருந்தா செம்புப் பூச்சு ராடுக்கு மாறிடுங்க.

தென்மேற்கு பார்த்த சுவரில் கரண்டைப் பிரிச்சு அனுப்புற தகர டிபி பெட்டி இருந்தா இந்த லீவிலேயே கழற்றி உள் சுவருக்கு மாத்துங்க, இல்லைன்னா மூடி இறுக்கமான பாலிகார்பனேட் பெட்டி. கரண்ட் கசிஞ்சா தானே அணையுற ஆர்சிசிபி சுவிட்ச் 30 மில்லி ஆம்பியர்தானா என்று பார்த்து டெஸ்ட் பட்டனை அமுக்குங்க. விழலைன்னா பேசவே வேண்டாம், மாத்திடுங்க. உப்புக் காத்தில் உள்ளே இருக்கிற நெம்பு ஒட்டிக்கும், வருஷக்கணக்கா அமுக்காம வச்சிருக்கிறதுதான் காரணம். அலுமினிய சர்வீஸ் வயரும் செம்பும் சேருகிற இடத்தில் இரண்டு உலோகத்துக்கும் பொருந்துற பைமெட்டல் லக் போடணும், முறுக்கி டேப் சுத்துறது இங்கே ஒரு வருஷம் தாங்காது.

தீயணைப்பு சிலிண்டரில் முள் பச்சையில் நிக்குதான்னு மட்டும் பார்க்காதீங்க, தூக்கி அடியைப் பாருங்க. தரையில் வச்சதுக்கு அடிவட்டம் துருப் பிடிச்சிருக்கும்.

நிர்வாகி

ரொம்ப நன்றி. ஜன்னல் கம்பிக்கு ரெட் ஆக்சைடு ஒரு கோட், எனாமல் ஒரு கோட் என்று பெயிண்டர் எழுதியிருக்கிறார். அது போதுமா? தண்ணீர்த் தொட்டி, ஆர்ஓ விஷயமும் யாராவது சொல்லுங்கள். லீவு முழுக்க ஆர்ஓவை ஆஃப் செய்து வைக்கத்தான் நினைத்திருந்தோம்.

பதில் 3 – நீர் சுத்திகரிப்பு டெக்னீஷியன், கீழக்கரை

ஆர்ஓவை அப்படியே ஆஃப் செய்துவிட்டுப் போகாதீர்கள். ஐந்து வாரம் நின்ற தண்ணீரில், உப்பை வடிக்கும் மெம்பிரேன் சவ்வின் மேல் வழவழப்புப் படிந்துவிடும், காய்ந்தால் அதோடு முடிந்தது. மூடும் நாளில் நல்ல தண்ணீரால் கழுவி, 1 சதவீத சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலை மெம்பிரேன் கூட்டுக்குள் ஓடவிட்டு வால்வுகளை மூடுங்கள். 100 லிட்டருக்கு 1 கிலோ. 30 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஆகவே நடுவில் ஒருநாள் ஆள் வர வேண்டும். திறக்கும்போது முதல் ஒரு மணி நேரத் தண்ணீரைக் கீழே விடுங்கள். கழிப்பறைக் கோப்பைகளுக்கு அது போகட்டும், வீணாக்க வேண்டாம்.

தொட்டி கழுவுவதைக் கடைசி வாரத்துக்கு வையுங்கள். மாடி வேலை நடக்கும்போது கழுவினால் தூசி திரும்ப விழும். தரைத்தொட்டியைச் சுரண்டித் துடைத்தபின், முழுத்தொட்டியையும் குளோரின் நீரால் நிரப்பித் தூய்மைப்படுத்துவது புத்தக முறை. 15,000 லிட்டருக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்றால் 750 கிராம் குளோரின், அதாவது 33 சதவீத பிளீச்சிங் பவுடர் இரண்டேகால் கிலோ. ஆனால் அவ்வளவு தண்ணீரையும் கடைசியில் வெளியே விட வேண்டும். காவிரித் தண்ணீர் முறைவைத்து வரும் ஊரில் இது முடியாது. அதற்குப் பதில் 200 மில்லிகிராம் கரைசலால் சுவரையும் தரையையும் பிரஷ் வைத்துப் பூசி, அரைமணி நேரம் விட்டுக் கழுவுங்கள். 100 லிட்டர் கரைசலுக்கு 33 சதவீதப் பவுடர் 60 கிராம். நம் கடலோர ஈரத்தில் திறந்து வைத்த பவுடர் வீரியம் இழந்திருக்கும், 80 கிராமாக எடுத்துக்கொள்ளுங்கள். கரைத்துத் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் பயன்படுத்துங்கள். தொட்டிக்குள் இறங்குமுன் மூடியைத் திறந்து காற்று போகவிட வேண்டும். வெளியே ஒரு ஆள் கயிற்றோடு நிற்க வேண்டும்.

கழுவிய குளோரின் தண்ணீர் ஆர்ஓவுக்குள் போகாமல் வால்வை மூடியிருக்கிறதா என்று இருமுறை பாருங்கள். கார்பன் வடிகட்டி பழசாக இருந்தால் குளோரின் நேரே மெம்பிரேனைத் தின்றுவிடும். இந்த ஒரு தவறில் போவது தொட்டி கழுவுகிற கூலியைப்போலப் பல மடங்கு. புதிய தண்ணீர் நிரப்பியபின் குழாயில் மீதக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள், நுண்ணுயிர் முடிவு வர நாள் பிடிக்கும், அதனால் திறப்புக்கு ஒரு வாரம் முன்பே.

கழிவுத்தொட்டிக்கு உறிஞ்சு லாரி மட்டும்தான், ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 2013 சட்டப்படி குற்றம். கோடையில் நிலத்தடி நீர் கீழே இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் காலித் தொட்டியைத் தண்ணீர் மேலே தூக்கும், ஃபைபர் தொட்டி என்றால் நிச்சயம். லீவில் 22 கழிப்பறையிலும் வாரம் ஒருமுறை ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கோப்பைக்கு அடியில் நாற்றத்தைத் தடுக்கும் வளைவில் தண்ணீர் வற்றினால் நாற்றமும் கரப்பானும் அந்த வழியாகத்தான் வரும்.

பதில் 4 – பெயிண்ட் காண்ட்ராக்டர், பாம்பன்

ரெட் ஆக்சைடு ஒரு கோட் உங்க இடத்துக்குக் காணாது. துருவை வயர் பிரஷால் எடுத்ததும் கடைக்காரர் சொல்லாத வேலை ஒண்ணு இருக்கு: நல்ல தண்ணியும் ஸ்பாஞ்சும் வைத்து உப்பைக் கழுவுறது. கண்ணுக்குத் தெரியாத உப்பு பெயிண்டுக்கு அடியில் இருந்தா ஈரத்தை உறிஞ்சிக் கொப்புளமாகக் கிளம்பும், மேலே எத்தனை கோட் போட்டாலும். கழுவி, காய்ந்து, அன்னைக்கே துத்தநாகப் பாஸ்பேட் எபாக்ஸி பிரைமர் ஒரு கோட், அப்புறம் எனாமல் இரண்டு. எபாக்ஸியை மேல்பூச்சாக விடாதீங்க, வெயிலில் சுண்ணாம்பாகப் பொடியும்.

நேரம் காலை 7 முதல் 11 வரைக்கும்தான். மே நடுவில் கச்சான், அதாவது தென்மேற்குக் காத்து பிடிச்சா மத்தியானத்துக்கு மேல் மணலும் உப்பும் ஈரப் பெயிண்டில் வந்து ஒட்டும். அதனால்தான் தெற்கு, மேற்குச் சுவருக்கு மே மாசம் வெளிப்பெயிண்ட் அடிக்காதீங்கன்னு சொல்றேன். தை, மாசியில் சனி ஞாயிறு பார்த்து அடிச்சா நிக்கும்.

இன்னொண்ணு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையேறி, வெல்டர், பெயிண்டர் எல்லாம் அங்கே போயிடுவாங்க. மார்ச்சிலேயே அட்வான்ஸ் கொடுத்து நாள் குறிச்சிடுங்க.

கட்டடப் பொறியாளர்

வெளிப்பெயிண்ட் பற்றி அவர் சொல்வது சரி, ஒன்றைத் தவிர. சேர்க்கைக்குப் பெற்றோர் வருவது வாசல் வழியாக. நுழைவுப் பக்கம் வடக்கோ கிழக்கோ பார்த்திருந்தால் அந்த ஒரு முகப்பை மட்டும் மே முதல் வாரத்திலேயே அடித்துவிடலாம். குழுவும் சமாதானமாகும்.

உள்ளே மேல்சுவரை விட்டுவிட்டு 4 அடி உயரத்துக்கு எனாமல் அடித்தால் போதும், கை படுவதும் அழுக்காவதும் அதுவரைக்கும்தான். அறையின் சுற்றளவு 88 அடி, கதவு கழித்து ஏறக்குறைய 320 சதுர அடி, 18 அறைக்கு 5,760. லிட்டருக்கு ஒரு கோட் 110 சதுர அடி என்று வைத்தால் இரண்டு கோட்டுக்கு 105 லிட்டர்: 20 லிட்டர் வாளி 5, 4 லிட்டர் டப்பா 2. பெயிண்டர் 150 லிட்டர் என்று எழுதினால் கேள்வி கேளுங்கள்.

கொட்டகையில் தகரத்துக்கு முன்னால் ஜே ஊக்குகள்தான் போகும். காற்றடிக்கும் தென்மேற்கு ஓரத்து முதல் இரண்டு வரிசை ஊக்குகளையும் வாஷர்களையும் முழுக்க மாற்றுங்கள், சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஊக்குகளாக வாங்குங்கள். மின்முலாம் பூசியது கடையில் பளபளப்பாக இருக்கும், அடுத்த கச்சானுக்குச் சிவந்துவிடும்.

நிர்வாகி

வாசல் கிழக்கு பார்த்துத்தான். இந்தச் சனிக்கிழமை சுத்தியல் எடுத்துவிடுகிறோம், அளவு எழுதிப் பதிவிடுகிறேன். ஒரு சந்தேகம்: தட்டிப் பார்க்கும் அன்றே ஃபேன்களையும் இறக்கலாமா?

வயர்மேன், தொண்டி

வேண்டாம். வகுப்பு நடக்கிற நாளில் ஃபேன் இல்லாம பிள்ளைங்க என்ன செய்யும்? தட்டும்போது கொக்கியைச் சுத்தி ஒரு அடிக்குள்ள பொத்தென்று கேட்கிற அறையில் மட்டும் அன்னைக்கே அந்த ஃபேனை இறக்கிடுங்க. அதுக்குக் கீழே பெஞ்சும் போடாதீங்க. மத்தது மே முதல் நாள்.